பல்கலைக்கழகத்தில் நாடகம் பயில: நடிப்பு, வடிவமைப்பு, மேடைத் தொழில்நுட்பம்

நாடகத்தைப் பட்டப்படிப்பாக எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் நடிகராகும் ஆசையோடுதான் வருகிறார்கள். படிப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே, மேடையில் நிற்கும் நேரத்தைவிடத் தச்சுக்கூடத்திலும் தையல் அறையிலும் விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னும் கழியும் நேரமே அதிகம் என்று கண்டு சிலர் திகைத்துப்போகிறார்கள். இதைப் பாடத்திட்டத்தின் குறை என்று கொள்ள வேண்டியதில்லை. நாடகம் பலர் கைமாறி உருவாவது. எழுதியவரிடமிருந்து இயக்குநருக்கும், அவரிடமிருந்து வடிவமைப்பாளருக்கும், வரைபடம் வழியாகத் தச்சருக்கும், ஒத்திகை வழியாக நடிகருக்கும், மேடை மேலாளரின் குறிப்பேடு வழியாக விளக்கை இயக்குபவருக்கும் அது போய்ச் சேர்கிறது. எனவே தன் பங்கைச் சிறப்பாகச் செய்வதோடு, அடுத்தவர் கேள்வி கேட்காமல் எடுத்துத் தொடரும் நிலையில் அதை வைத்துக்கொடுக்கவும் தெரிய வேண்டும். இந்தப் படிப்பில் கற்க வேண்டியவற்றுள் தலையாயது இதுவே என்று கருதித்தான் கீழுள்ளவை எழுதப்பட்டுள்ளன.

படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

நெடுங்காலமாக நாடகம், குழுக்களோடு தங்கி மூத்தவர்களின்கீழ் வேலை பார்த்துக் கற்கப்பட்ட தொழில். அதற்குப் பட்டம் வழங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி தொழில்நுட்பக் கழகம் 1914-இல் நாடகத்திற்குப் பட்டம் வழங்கும் துறையைத் தொடங்கியது. அந்நாட்டில் அதுவே முதலாவது. தில்லியின் தேசிய நாடகப் பள்ளி 1959-இல் நிறுவப்பட்டு, மூன்றாண்டுப் பயிற்சியைப் பட்டயமாக வழங்கிவருகிறது. தொழிற்பயிற்சிக்கும் ஏட்டுக்கல்விக்கும் இடையிலான இந்த இழுபறி இன்றைய படிப்புகளிலும் தெரிகிறது. சில நிறுவனங்கள் நாளின் பெரும்பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்கி, கட்டுரைகளை ஓரத்தில் வைத்திருக்கும். சில நிறுவனங்கள் நாடக வரலாறு, கோட்பாடு, விமரிசனம் ஆகியவற்றை நடுவில் வைத்து, தயாரிப்பு வேலையை விருப்பப் பாடமாக நடத்தும். இரண்டும் தகுதியான படிப்புகளே. ஆனால் ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றில் சேர்ந்துவிட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் மனத்தாங்கலோடு போகும்.

பாடங்களின் பெயர்ப்பட்டியல் இதைச் சொல்லாது. எல்லாப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆண்டுக்கு எத்தனை முழுநீளத் தயாரிப்புகள் அரங்கேறுகின்றன? அவற்றின் காட்சியமைப்பையும் ஒளியமைப்பையும் மாணவர்களே செய்கிறார்களா, வெளியிலிருந்து வரும் தொழில்முறைக் கலைஞர்கள் செய்ய மாணவர்கள் உதவியாளராக மட்டும் நிற்கிறார்களா? முதலாண்டு மாணவர் எல்லாத் துறைகளிலும் சுழற்சி முறையில் வேலை பார்க்க வேண்டுமா? தச்சுக்கூடத்துக்கு முழுநேரப் பொறுப்பாளர் உண்டா? ஒரு பாத்திரத்துக்கு எத்தனை மாணவர்கள் போட்டியிடுகிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் துறைத்தலைவரைவிட மூன்றாமாண்டு மாணவரே உண்மையான பதிலைத் தருவார்.

முடிந்தால் மாணவர் தயாரிப்பு ஒன்றை நேரில் பார்ப்பதோடு, பகலில் தச்சுக்கூடத்துக்குள்ளும் ஒருமுறை போய்வர வேண்டும். கருவிகள் அததற்குரிய இடத்தில் தொங்குகின்றனவா, ரம்பத்தின் அருகில் நிற்பவர் கண்ணாடி அணிந்திருக்கிறாரா, பழைய காட்சித்தட்டிகள் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தாலே அந்தத் துறை எப்படி இயங்குகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பளபளப்பான அரங்கக் கட்டடத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. எண்பது பேர் உட்காரும், கறுப்புச் சுவர்கள் கொண்ட எளிய அரங்க அறை ஒன்றை ஆண்டு முழுவதும் மாணவர் கையில் கொடுத்திருக்கும் துறை, ஆயிரம் இருக்கை மண்டபத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மாணவர்களைக் காத்திருக்கச் செய்யும் துறையைவிட நிச்சயமாக மேலானது.

சேர்க்கைத் தேர்வு

நடிப்புப் பிரிவுக்கு, ஒன்றோடொன்று மாறுபட்ட தன்மையுள்ள இரண்டு தனிமொழிகளை, அதாவது ஒருவரே தொடர்ந்து பேசும் பகுதிகளை, கேட்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஒன்று பழைய செய்யுள் நடையிலும் மற்றொன்று தற்கால உரைநடையிலும் இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு நிமிடம் என்று கட்டுப்பாடு இருந்தால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடிகிற பகுதியையே எடுக்க வேண்டும். இடையில் நிறுத்தச் சொல்லும் குழு உங்கள் முடிவுப் பகுதியைப் பார்க்கப்போவதில்லை. உங்கள் வயதுக்கு ஏறக்குறைய பொருந்தும் பாத்திரமாகவும், மேடையில் இல்லாத ஒருவரிடம் எதையாவது கேட்டோ மறுத்தோ பேசும் பகுதியாகவும் இருப்பது நல்லது. பழைய நினைவைச் சொல்லிப் புலம்பும் பகுதிகளில் செய்வதற்கு எதுவும் இருக்காது. குழுவினர் பெரும்பாலும் அதே பகுதியை வேறுவிதமாகச் செய்யச் சொல்வார்கள். கோபமாகச் செய்ததைக் கெஞ்சலாகவோ, குழந்தையிடம் சொல்வதுபோலவோ செய்யச் சொல்லலாம். முதல் முறை சரியில்லை என்பது அதன் பொருள் அல்ல. சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு சொல்லின் ஏற்ற இறக்கத்தையும் மனப்பாடமாக உறையவைத்துக்கொண்டு வருபவர் இங்கேதான் தடுமாறுவார்.

வடிவமைப்புக்கும் மேடைத் தொழில்நுட்பத்துக்கும் மாதிரித் தொகுப்பு கேட்கப்படும். அதில் முடிந்த படைப்புகளின் அழகான படங்களை மட்டும் வைப்பதைவிட, ஒரே வேலையின் முதல் கிறுக்கல், கைவிட்ட யோசனை, அளவுப்படம், செய்துமுடித்த பொருள் ஆகியவற்றை வரிசையாகக் காட்டுவது அதிகப் பயன் தரும். நாடக வேலையே செய்திராதவர் செய்த மேசை, தைத்த சட்டை, பள்ளி விழாவுக்குப் பதிவுசெய்த ஒலித்தொகுப்பு எல்லாமே ஏற்கப்படும்.

பிரதியை வாசித்தல்

எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதலில் கைவர வேண்டிய பழக்கம் இது. நாடகப் பிரதியைக் கதையாக வாசிப்பது ஒரு வகை, வேலைத்திட்டமாக வாசிப்பது வேறொரு வகை. முதல் வாசிப்பு பேனா இல்லாமல், இடையில் நிறுத்தாமல், பார்வையாளராகவே அமைய வேண்டும். அந்த அனுபவம் இரண்டாம் முறை கிடைக்காது. அதற்குப் பிறகுதான் வரிவரியாகப் போக வேண்டும்.

ஒரு பாத்திரம் இன்னொருவரைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்து, குளிர்கிறது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நடிகருக்கு இதில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உண்மையாகவே குளிர்கிறதா, மற்றவரைத் தன் பக்கத்திலிருந்து நகர்த்துவதற்காகச் சொல்கிறாரா என்று அவர் முடிவுசெய்ய வேண்டும். இயக்குநருக்கு, இன்னொருவர் மேடையின் குறுக்கே நடந்து போயாக வேண்டும் என்பது கிடைக்கிறது. காட்சியமைப்பாளருக்கு, ஜன்னல் ஒன்று வேண்டும், அது திறந்த நிலையில் தொடங்க வேண்டும், அதன் கதவு உண்மையில் மூட வேண்டும் என்ற மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஜன்னலைப் பார்வையாளர் பார்க்கவே வேண்டுமா, மேடைப்புறத்துக்கு வெளியே வைத்துவிடலாமா என்ற நான்காவது கேள்வியும் எழுகிறது. ஒளியமைப்பாளர் அதன் வழியே வரும் வெளிச்சம் எந்த நேரத்துக்குரியது, சாத்தியதும் அறை எவ்வளவு இருள வேண்டும் என்று கேட்பார். ஒலியமைப்பாளருக்கு, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வெளிச் சத்தம் மங்கும் கணம் அது. உடையமைப்பாளர் பேசியவரின் தோளில் போர்வை உண்டா இல்லையா என்று குறித்துக்கொள்வார். மேடை மேலாளரோ, ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் அந்த ஜன்னலை மறுபடி திறந்துவைக்க யாரையாவது நியமித்தாக வேண்டும்.

ஒரு நாடகத்தின் எல்லாப் பக்கங்களையும் இப்படித் துருவிப் பட்டியலிட்டுப் பழகினால், முதலாண்டு முடிவதற்குள் உங்கள் பிரிவைத் தவிர மற்றப் பிரிவினர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பட்டியலில் காட்சி, பக்கம், யார் உள்ளே வருகிறார், எந்தப் பக்கம் வெளியேறுகிறார், கையில் என்ன பொருள், நேரம், இடம், பருவநிலை ஆகியவை இருந்தால் போதும். பிரதியில் எழுதப்படாததை நீங்கள் ஊகித்திருந்தால் அதை வேறு நிறத்தில் குறிக்க வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால், பின்னர் கூட்டத்தில் உங்கள் ஊகத்தையே ஆசிரியரின் கட்டளையாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நடிப்புப் பயிற்சி

நடிப்பு வகுப்புகளில் ஒன்றுக்கொன்று எதிரான பாடங்கள் ஒரே வாரத்தில் வரும். ரஷ்ய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் வழி வந்த ஆசிரியர், பாத்திரம் இருக்கும் சூழ்நிலை என்ன, இந்தக் கணத்தில் அது எதை அடைய விரும்புகிறது என்று கேட்பார். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் வழியில் சிந்திப்பவர், பாத்திரத்தோடு ஒன்றிவிடாமல் சற்றே விலகி நின்று அதன் செயலைப் பார்வையாளர் முன் ஆய்வுக்கு வைக்கச் சொல்வார். 1956-இல் பாரிசில் பள்ளி தொடங்கிய ஜாக் லெக்காக்கின் மரபில் வந்தவர் பேச்சையே ஒதுக்கிவிட்டு, முகமூடியையும் உடலையும் கொண்டு தொடங்குவார். நடன, இயக்கக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபான் வகுத்த எட்டு வகை இயக்க முயற்சிகளை, அதாவது அழுத்துவது, குத்துவது, வீசி அறுப்பது, பிழிவது, தட்டுவது, சுண்டுவது, வழுக்கிச் செல்வது, மிதப்பது ஆகியவற்றை ஒருவர் பயிற்றுவிப்பார். இவற்றில் எது சரி என்று முதலாண்டிலேயே கட்சி சேர்ந்துகொள்வது வீண். எல்லாவற்றையும் முழுமனத்தோடு செய்து பார்த்து, எந்தச் சிக்கலுக்கு எது உதவியது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பதே பயன் தரும். சோர்ந்து தளர்ந்த காட்சியை லாபானின் ஒரு சொல் தூக்கி நிறுத்திவிடலாம். அதே சொல் வேறொரு காட்சியில் நடிப்பை வெறும் அபிநயமாக்கிவிடவும் கூடும்.

ஒத்திகையில் இயக்குநர் தரும் நடமாட்டக் குறிப்புகளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், ஏனெனில் அவை மாறும். மேடையின் இடமும் வலமும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருக்குரியவை என்பதை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சண்டைக் காட்சிகளும் நெருக்கமான தொடுதல்களும் வசனம்போலவே அசைவு அசைவாக முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்டு, சம்பந்தப்பட்ட இருவரும் ஒப்புக்கொண்ட பின் மாற்றப்படாமல் செய்யப்பட வேண்டும். சண்டையை ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் மெதுவாக ஒருமுறை செய்து பார்ப்பது நல்ல அரங்குகளின் விதி. "உணர்ச்சி வேகத்தில் அப்படி ஆகிவிட்டது" என்ற விளக்கத்துக்குப் பயிற்சி பெற்றவரிடம் இடமில்லை.

வடிவமைப்பு: யோசனையிலிருந்து வரைபடம் வரை

வரைந்த திரைச்சீலையைப் பின்னால் தொங்கவிட்டு முன்னால் நடிப்பது போதாது, மேடை மூன்று பரிமாணமும் ஒளியும் கொண்ட இடம் என்று சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் அப்பியாவும் இங்கிலாந்தின் கோர்டன் கிரெய்கும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாதிட்டார்கள். இன்றைய வடிவமைப்பு வகுப்புகள் அந்த வாதத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே வடிவமைப்பு மாணவரின் முதன்மைக் கருவி ஓவியம் அல்ல, சிறு மாதிரி. மெட்ரிக் அளவு வழங்கும் நாடுகளில் இது 1:25 அளவில் செய்யப்படும். பத்து மீட்டர் அகல மேடை மாதிரியில் 40 சென்டிமீட்டர், 1.70 மீட்டர் உயர நடிகர் 68 மில்லிமீட்டர், 17.5 சென்டிமீட்டர் உயரப் படிக்கட்டு ஏழு மில்லிமீட்டர். மாதிரி செய்யத் தொடங்கியதும் முதலில் வெட்ட வேண்டியது அந்த 68 மில்லிமீட்டர் மனித உருவத்தைத்தான். அதை உள்ளே நிறுத்தாமல் செய்த அறை எப்போதும் பெரிதாகவோ சிறிதாகவோ போய்விடும்.

முதலில் வெள்ளை அட்டையில், நிறமில்லாமல், விரைவாகச் செய்ய வேண்டும். நிறம் பூசிய மாதிரியை இயக்குநர் முன் வைத்தால் அவர் சுவரின் நிறத்தைப் பற்றிப் பேசுவார். வெள்ளை மாதிரியை வைத்தால் கதவு எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவார். கதவைப் பற்றிய பேச்சுத்தான் முதலில் நடக்க வேண்டும். வெட்டி ஒட்டுவதற்கு மனம் வரும் அளவுக்கு அந்த மாதிரி மலிவாக இருப்பது முக்கியம்.

அதன்பின் தரைப்படம், பக்கவெட்டுப்படம், ஒவ்வொரு பகுதியின் முகப்புப்படம் ஆகியவை வரும். தரைப்படத்தில் முதல் வரிசையின் இரு கோடி இருக்கைகளிலிருந்தும், பக்கவெட்டுப்படத்தில் கடைசி வரிசையிலிருந்தும் முதல் வரிசையிலிருந்தும் பார்வைக் கோடுகளை இழுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு பக்கத்திரையைத் தாண்டிப் போகிறதோ அங்கே உட்கார்ந்திருப்பவர் நாடகம் முழுவதும் காத்திருக்கும் நடிகரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிளைவுட் பலகை பொதுவாக 1220-க்கு 2440 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கிறது, சுவரை 2.5 மீட்டர் உயரமாக வரைந்தால் 60 மில்லிமீட்டருக்காக இன்னொரு பலகையை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அந்த ஆறு சென்டிமீட்டர் கலைக்குத் தேவையா என்று வரையும்போதே கேட்டுக்கொள்வது செலவையும் தச்சரின் பொறுமையையும் காப்பாற்றும்.

வரைபடம் முடிந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நாடகத்தைப் பற்றி எதுவும் தெரியாத சக மாணவரிடம் அதைக் கொடுத்து, இதை எப்படிச் செய்வாய் என்று கேட்க வேண்டும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் படத்தில் விடுபட்ட ஓர் அளவு. நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கினால்தான் புரியும் படம் இன்னும் முடியவில்லை.

உடையமைப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். அதன் நுட்பம் தையல் மேசையில்தான் கைவரும். துணியைத் தேர்வதற்கு முன் அதை மேடை விளக்கின்கீழ் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது விட்டுவிடக் கூடாத விதி. ஆழ்ந்த சிவப்புத் துணி பச்சை ஒளியில் கறுப்பாகத் தெரியும். விரைவில் மாற்ற வேண்டிய உடைக்குப் பொத்தான்களுக்குப் பதிலாக வெல்க்ரோவோ அழுத்துப் பொத்தானோ வைப்பதை வரைவிலேயே திட்டமிட வேண்டும்.

ஒளி

ஒளியமைப்பைக் கற்கச் சிறந்த வழி, இருட்டறையில் ஒரு நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, ஒரே விளக்கை அவரைச் சுற்றிக் கொண்டுபோவது. நேர் முன்னிருந்து வரும் ஒளி முகத்தைத் தட்டையாக்கும். நேர் மேலிருந்து வந்தால் கண்குழிகள் கறுக்கும். பக்கத்திலிருந்து வந்தால் உடலின் வடிவம் எழும். பின்னிருந்து வந்தால் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். ஒவ்வொரு நிலையிலும் நிழல் எங்கே விழுகிறது என்று வரைந்துவைத்தால், நூறு விளக்குகளுக்குத் திட்டம் போடும்போது அதுவே அகராதி.

யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் 1932-இல் வெளியிட்ட முறை இன்றும் தொடக்கப் பாடமாக இருக்கிறது. மேடையைச் சிறு நடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னிருந்து இரண்டு விளக்குகளை, இடத்தும் வலத்தும் 45 பாகை விலகியும் 45 பாகை மேலிருந்தும் வருமாறு வைத்து, ஒன்றுக்கு இளஞ்சூட்டு நிறமும் மற்றொன்றுக்குக் குளிர் நிறமும் தருவது அந்த முறை. இதை முதலில் அப்படியே செய்து பார்த்துவிட்டு, பிறகு மீறலாம். நிழலைப் பற்றிய இந்தக் கவலை புதியதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடையை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளந்துவிட்டு, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே போகுமாறு விளக்கை நிறுத்தியதையும் சொல்கிறது. இன்றைய ஒளியமைப்பாளர் ஏணியில் நின்றபடி செய்வதும் அதே வேலைதான்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் 512 என்ற முறை 1986-இல் வந்தது. அதன் ஒரு தொகுதியில் 512 தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடமும் 0 முதல் 255 வரை மதிப்பு ஏற்கும். பன்னிரண்டு தடங்கள் தேவைப்படும் எல்இடி விளக்குகளைத் தொங்கவிட்டால், முதலாவதன் முகவரி (அது தொடங்கும் தடத்தின் எண்) 1, இரண்டாவது 13, மூன்றாவது 25 என்று போகும். 42 விளக்குகளுக்கு 504 தடங்கள் ஆகிவிடுவதால் 43-ஆவது விளக்கு அடுத்த தொகுதிக்குப் போக வேண்டும். அதோடு ஒரே கம்பித்தொடரில் 32 கருவிகளுக்கு மேல் கோத்தால் சமிக்ஞை நலிந்துவிடும் என்பதால் இடையில் பிரிப்பான் வைக்க வேண்டும், கடைசிக் கருவியில் முடிப்பானும் செருக வேண்டும். முகவரிகளைத் தாளில் எழுதி முடிக்காமல் ஏணி ஏறுபவர் நள்ளிரவு வரை ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

ஒலியில் தொடக்க மாணவர் தவறவிடுவது தாமதக் கணக்கு. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிவினாடி எடுக்கிறது. மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளிப் பின்வரிசைக்காக வைத்த ஒலிபெருக்கியை ஏறத்தாழ 50 மில்லிவினாடி தாமதப்படுத்தாவிட்டால், அங்கே இருப்பவர்க்கு நடிகரின் குரல் இரண்டு முறை கேட்கும்.

தச்சுக்கூடம், தொங்கும் பாரம், தீ

பாதுகாப்பு வகுப்பைச் சடங்காக நினைப்பவர்களுக்குச் சிகாகோவின் இரோக்குவா அரங்கின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1903 டிசம்பர் 30 அன்று பகல் காட்சியில், வில்விளக்கின் பொறி திரைச்சீலையில் பட்டுத் தீப்பிடித்தது. தீத்தடுப்புத் திரை முழுவதும் இறங்காமல் பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பலவற்றைத் திறக்க முடியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரங்குகளின் வெளியேறும் வழி, தீத்தடுப்புத் திரை, தீப்பிடிக்காத துணி ஆகியவை பற்றிய விதிகள் பல இடங்களில் அதன்பின் கடுமையாக்கப்பட்டன. அவசர வழியின் முன் ஒரு நாற்காலியைக்கூட வைக்க விடாத பொறுப்பாளரைத் தொல்லைக்காரர் என்று எண்ணக் கூடாது.

தூக்கும் பாரத்துக்கு ஈடாக மறுமுனையில் எடை வைக்கும் எதிர்எடை முறையில் காட்சிப் பொருட்களைத் தூக்கும் அரங்கில் வேலை பார்க்கும்போது வரிசையே உயிர். கட்டும்போது குறுக்குக் குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கி, முதலில் பொருளைக் கட்ட வேண்டும், பிறகு மேலே எடைகளை ஏற்ற வேண்டும். அவிழ்க்கும்போது முதலில் எடைகளை இறக்க வேண்டும், பிறகுதான் பொருளைக் கழற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்தால், பாரம் நீங்கிய குழாய் எதிர்எடையின் இழுப்பில் யாராலும் பிடிக்க முடியாத வேகத்தில் மேலே பாயும், எடைத்தட்டு கீழே விழும். தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கி தவிரப் பாதுகாப்புக் கம்பி தனியாக இருக்க வேண்டும். எடை தாங்கும் அளவு பொறிக்கப்படாத கொக்கியையோ வளையத்தையோ ஆள் தலைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லும் மாணவரைத்தான் பொறுப்பாளர்கள் விரும்புகிறார்கள்.

மேடை மேலாண்மையும் தொழில்நுட்ப ஒத்திகையும்

நடிகராகவே இருக்கப்போகிறவரும் ஒரு தயாரிப்பிலாவது மேடை மேலாளரின் உதவியாளராக இருந்தாக வேண்டும் என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஒத்திகை அறையின் தரையில் வண்ண நாடாக்களால் முழு அளவில் சுவர்களையும் கதவுகளையும் ஒட்டுவதிலிருந்து அந்த வேலை தொடங்குகிறது. மேலாளரின் குறிப்பேட்டில் பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே நடிகர்களின் நடமாட்டமும், விளக்கு, ஒலி, திரை ஆகியவற்றை மாற்றச் சொல்லும் கியூக்களும் (எண்ணிட்ட இயக்கக் குறிப்புகள்), அவை விழ வேண்டிய சரியான சொல்லும் இருக்கும். மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டாலும் வேறொருவர் அதைப் பார்த்து அன்றைய காட்சியை நடத்த முடிய வேண்டும். கியூ எண்களை 5, 10, 15 என்று இடைவெளி விட்டுத் தருவது, நடுவில் புதிதாக ஒன்றைச் செருக வசதி.

பிரித்தானிய மரபில் "அரைமணி" அறிவிப்பு காட்சி தொடங்க 35 நிமிடம் இருக்கும்போது தரப்படுகிறது. "கால்மணி" 20 நிமிடத்துக்கும், "ஐந்து நிமிடம்" 10 நிமிடத்துக்கும், முதலில் மேடையேறுவோருக்கான அழைப்பு 5 நிமிடத்துக்கும் முன். எல்லாவற்றிலும் ஐந்து நிமிடம் முன்தள்ளியிருப்பதற்குக் காரணம், கணக்கு திரை எழும் நேரத்திலிருந்து அல்லாமல் நடிகர்கள் தத்தம் இடத்தில் நிற்க வேண்டிய நேரத்திலிருந்து தொடங்குவதுதான். காட்சியின்போது ஹெட்செட்டில் மேலாளர் "விளக்கு 25, ஸ்டாண்ட்பை" (தயாராக இரு) என்பார். இயக்குபவர் பதில் சொல்வார். உரிய சொல்லில் "விளக்கு 25, கோ" வரும். "கோ" என்ற சொல்லை வேறு எந்தப் பேச்சிலும் அந்தக் கம்பியில் உச்சரிக்கக் கூடாது, ஏனென்றால் இருட்டில் விரலைப் பொத்தானில் வைத்திருப்பவர் அந்தச் சொல்லுக்காகவே காத்திருக்கிறார்.

தொழில்நுட்ப ஒத்திகை நடிகர்களுக்கு அலுப்பூட்டும். இரண்டு வரி பேசியதும் நிறுத்தி, விளக்கை மாற்றி, மறுபடி அதே இரண்டு வரி. அன்று நடிப்பின் ஆழத்தைத் தேடக் கூடாது. நடையின் வேகத்தையும் நிற்கும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வைத்துக்கொடுப்பதே அன்றைய வேலை. ஜன்னலை நோக்கி இன்று ஆறு அடியிலும் நாளை நான்கு அடியிலும் போகும் நடிகருக்கு எந்த ஒளியமைப்பாளராலும் நேரம் பொருத்த முடியாது.

கட்டுரைகளும் நேரமும்

தயாரிப்பு வாரங்களில் மாலை ஒத்திகைகள் இரவு வரை நீளும் என்பதால் கட்டுரைகளை அதற்கு முன்பே முடித்துவைக்கும் பழக்கம் இல்லாதவர் திணறுவார். பருவத் தொடக்கத்திலேயே தயாரிப்பு அட்டவணையையும் கட்டுரைக் கெடுக்களையும் ஒரே தாளில் எழுதி, மோதும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாத் தயாரிப்புக்கும் கைதூக்குவது முதலாண்டில் இயல்பு; பருவத்துக்கு ஒரு பெரிய பொறுப்பும் ஒரு சிறிய பொறுப்பும் போதும் என்பது என் கணிப்பு. தூக்கம் கெட்டவர் ஏணியிலும் ரம்பத்தின் அருகிலும் இருக்கக் கூடாது என்பதால் இது பிறரைப் பற்றிய கணக்கும்கூட.

வாய்ப்புக் கிடைப்பவர்கள் 1967 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செக் நாட்டில் நடந்துவரும் பிராக் குவாட்ரினியல் என்ற அரங்க வடிவமைப்புக் கண்காட்சியைப் பார்க்கலாம். அதில் மாணவர் படைப்புகளுக்கும் தனி இடம் உண்டு.

தொகுப்பைச் சேர்த்தல்

படிப்பின்போதே தொகுப்பைத் தொடர்ந்து சேர்த்துவர வேண்டும். தயாரிப்பு முடிந்து கலைத்துவிட்டால் படம் எடுக்க எதுவும் மிஞ்சாது. ஆகையால் உடை அணிந்த கடைசி ஒத்திகையிலேயே ஒவ்வொரு ஒளிநிலையையும் அரங்கின் நடுவிலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், அகலமாக ஒரு படமும் நெருக்கமாக ஒரு படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரைபடங்களின் இறுதி வடிவம், கியூப் பட்டியல், குறிப்பேட்டின் இரண்டு பக்கங்கள் ஆகியவற்றையும் அன்றே நகலெடுத்துவைக்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் நாடகம், ஆண்டு, அரங்கு, இயக்குநர், மற்ற வடிவமைப்பாளர்கள் ஆகியோரின் பெயர்களோடு உங்கள் பங்கு என்ன என்பதையும் எழுத வேண்டும். உதவி ஒளியமைப்பாளராக இருந்தால் உதவி ஒளியமைப்பாளர் என்றே இருக்கட்டும். நேர்காணலில் எதிரே இருப்பவர் அந்தத் தயாரிப்பின் மேலாளரை அறிந்தவராக இருப்பது இந்தத் தொழிலில் வெகு சாதாரணம்.